பேர் தெரியாத கடல் மீன் மாட்டினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் பக்கத்து மோர்தானா அணையிலும் ஊர் ஏரியிலும் தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு மாட்டுகிற மீனெல்லாம் குழம்பு மீன்தான். கெண்டை, விரால், ஜிலேபி, எது வந்தாலும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிச் சட்டியில் போட்டுவிடலாம். (கெண்டையின் பித்தப்பையை மட்டும் தொடாதீர்கள். மருந்தென்று நம்பி விழுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது.) அதே பழக்கத்தோடு பழவேற்காட்டுக்கோ கோவளத்துக்கோ போய்த் தூண்டில் போடுவதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. கடலில் துள்ளத் துள்ளப் பிடித்த மீனும் ஆளைக் கொல்லும். செவுள் சிவப்பாகவும் கண் பளபளப்பாகவும் இருந்தால் மீன் கெடவில்லை என்று தெரியும், அவ்வளவுதான். விஷம் உண்டா இல்லையா என்பது அதில் தெரியாது.

நம் கரையில் அதிகம் பயப்பட வேண்டியது பேத்தை. செதில் கிடையாது. வயிற்றுத் தோலில் கை வைத்தால் சின்னச் சின்ன முள் குத்தும். வெளியே எடுத்ததும் காற்றை விழுங்கி வயிற்றை ஊதிக்கொள்ளும். வாயைப் பிரித்துப் பாருங்கள்: மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பற்கள் ஒட்டிக் கிளி மூக்கு மாதிரி இருக்கும். வயிற்றடியில் வேறு மீன்களுக்கு இருக்கும் ஜோடித் துடுப்பு இதற்கு இருக்காது. ஈரலிலும் சினையிலும் விஷம் அதிகம். குடலை எடுத்துவிட்டால் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது, ஏனென்றால் வங்கக் கடலில் கிடைக்கும் சில பேத்தைகளுக்குச் சதையிலேயே விஷம் உண்டு. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் மஞ்சள், புளி, உப்பு போட்டு ஊற வைத்தாலும் அது போகாது. வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூனை தின்கிறதா, ஈ உட்காருகிறதா என்று பார்ப்பதும் வீண். இதில் எதுவும் இந்த விஷத்தைக் காட்டாது.

தலையும் தோலும் இல்லாமல் வரும் மீனை வாங்குவது இதோடு சேர்ந்த தவறு. கிளாத்தியின் தோல் தடிப்பு என்பதால் உரித்துத்தான் விற்பார்கள். நல்ல மீன்தான். ஆனால் உரித்து வைத்த பேத்தையும் அதே வெள்ளைச் சதையாகத்தான் தெரியும். முழு மீனாக இருந்தால் குழப்பம் வராது: கிளாத்திக்குக் கண்ணுக்கு மேலே தடித்த முள் நிமிர்ந்து நிற்கும், பேத்தைக்கு அப்படி நிமிர்ந்து நிற்கும் தடித்த முள் இல்லை. அதனால் தலையோடு பார்த்து, எதிரிலேயே உரிக்கச் சொல்லி வாங்குங்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்தச் சமயத்தில் வேலூர் மார்க்கெட்டுக்குக் கேரளா, மங்களூர் மீன் அதிகம் வரும், அதோடு பேரும் மாறி வரும். அயிலை நம்ம கானாங்கத்தைதான். நெய்மீன் என்பார்கள், அது வஞ்சிரம். "என்னா மீனுக்கா இது?" என்பதோடு நிறுத்தாமல், எந்த ஊர் மீன், அங்கே இதை எப்படிச் சமைப்பார்கள் என்றும் கேளுங்கள். தினமும் விற்பவர் தயங்காமல் சொல்வார். தயங்கினால் வேறு மீன் பாருங்கள்.

பேர் தெரிந்த நல்ல மீனையும் நாமே விஷமாக்கிவிடுவது உண்டு. சூரை, கானாங்கத்தை, மத்தி மூன்றும் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் ஊறும். நாற்றம் வராமலேயே ஊறலாம். அதன்பின் பிரீசரில் வைத்தாலும் பொரித்தாலும் குறையாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, வாய் மிளகு கடித்தாற்போல் எரியும். கடற்கரையிலிருந்து வேலூருக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பைக்கில் கட்டைப்பையில் தொங்கவிட்டு வந்தால் இதுதான் நடக்கும். பிடித்த உடனே செவுளையும் குடலையும் எடுத்து, தெர்மாகோல் பெட்டியில் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்ற கணக்கில், அடியிலும் மேலேயும் போட்டு மூடிக் கொண்டு வாருங்கள்.

பவளப்பாறைப் பக்கம் வளர்ந்த பெரிய சீலா, களவா, சங்கரா இனங்களில் வேறொரு விஷம் சேரலாம். மங்களூரில் அப்படிப்பட்ட சங்கரா இன மீனின் தலையைத் தின்று பலர் நோயில் விழுந்திருக்கிறார்கள். ஊர் தெரியாத பெரிய மீனின் தலை, ஈரல், சினை வேண்டாம்.

தூண்டிலைக் கழற்றும் அவசரத்தில் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். கடல் கெளுத்திக்கு முதுகிலும் இரு பக்கத்திலும் முள், திருக்கைக்கு வாலில் முள். குத்திவிட்டால் கை பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைத்தால் வலி இறங்கும். முள் உடைந்து உள்ளே நின்றிருந்தால் டாக்டரிடம்தான் எடுக்க வேண்டும். கடல் குதிரை, ரம்பம் போல மூக்கு நீண்ட வேளா இரண்டும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. மாட்டினால் உயிரோடு விட்டுவிட வேண்டும்.

சாப்பிட்டபின் உதடும் நாக்கும் மரத்துப்போனால் மோர் குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். குப்பையில் போட்ட தலை, தோல், மிச்சக் குழம்பு எல்லாவற்றையும் கவரில் கட்டி எடுத்துப் போங்கள், என்ன மீன் என்று டாக்டருக்கு அதை வைத்துத்தான் தெரியும். பேத்தை விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் தசைகள் செயலிழக்கும்போது வெண்டிலேட்டர் மூலம் மூச்சு கொடுப்பதுதான் சிகிச்சை. முதல் 24 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள்.