எதிர்க்காற்றில் விமானம் எங்கே போகும்? திசைவேகங்களைக் கூட்டும் முறை

சிறிய விமானம் ஒன்று நேர் வடக்கு நோக்கி, காற்றைப் பொறுத்து மணிக்கு 200 கிமீ வேகத்தில் பறக்கிறது. வடமேற்கிலிருந்து மணிக்கு 50 கிமீ வேகத்தில் காற்று வீசுகிறது. தரையிலிருந்து பார்த்தால் விமானத்தின் வேகம் என்ன, திசை என்ன? 250 என்றோ 150 என்றோ சட்டென்று சொல்லிவிட முடியாது. திசைவேகம் ஒரு வெக்டர் (அளவோடு திசையும் கொண்டது), அதனால் திசையையும் கணக்கில் எடுத்தே கூட்ட வேண்டும்.

படி 1: படம் வரையுங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. வானிலை அறிக்கை சொல்லும் காற்றின் திசை, காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் குறிக்கும். நாம் வரையும் அம்போ அது போகும் பக்கத்தைக் காட்ட வேண்டும். ஆகவே வடமேற்குக் காற்றுக்கு அம்புமுனை தென்கிழக்கில் இருக்கும். இங்கே தலைகீழாகப் போட்டால், பிறகு எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும் விடை தப்பாகத்தான் வரும்.

படி 2: கூறுகளாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு திசைவேகத்தையும் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு என இரண்டு பகுதிகளாக (கூறுகளாக) எழுதுங்கள். கிழக்கும் வடக்கும் மிகை (+), மேற்கும் தெற்கும் குறை (−).

விமானம்: கிழக்கு 0, வடக்கு 200.
காற்று: அச்சுகளோடு 45° சாய்வு. 50 × காஸ் 45° = 35.4. எனவே கிழக்கு +35.4, வடக்கு −35.4.

படி 3: அச்சுவாரியாகக் கூட்டுங்கள்

கிழக்கு: 0 + 35.4 = 35.4
வடக்கு: 200 − 35.4 = 164.6

படி 4: தொகுபயன் (கூட்டி வரும் மொத்தத் திசைவேகம்)

வேகத்துக்குப் பிதாகரஸ் தேற்றம்: √(35.4² + 164.6²) ≈ மணிக்கு 168 கிமீ.

திசைக்கு: டேன் θ = 35.4 ÷ 164.6 = 0.215, θ ≈ 12°. வகுத்தியில் வடக்குக் கூறு இருப்பதால் இந்தக் கோணம் வடக்கு அச்சிலிருந்து அளக்கப்படுகிறது. அதாவது விமானம் வடக்கிலிருந்து 12° கிழக்கே விலகிப் போகிறது. ஒரு மணி நேரத்தில் 35 கிமீ தள்ளிப்போய்விடும்!

விடையைச் சரிபார்க்க எளிய வழி உண்டு: தொகுபயனின் எண்மதிப்பு எப்போதும் 150-க்கும் (200 − 50) 250-க்கும் (200 + 50) இடையில்தான் இருக்கும்.

நேர் வடக்கே போக வேண்டுமானால்?

மூக்கை மேற்கே 12° திருப்பினால் போதும் என்று தோன்றும். அது சரியில்லை. விமானத்தின் மேற்குக் கூறு காற்றின் 35.4-ஐ ஈடுகட்ட வேண்டும்: 200 × சைன் α = 35.4, ஆகவே α ≈ 10.2°. அப்போது வடக்கு நோக்கிய தரைவேகம் 200 × காஸ் 10.2° − 35.4, அதாவது மணிக்குச் சுமார் 161 கிமீ.