கம்பளைக்குப் போகிறவர்கள் செய்கிற தவறுகள்

இலங்கையின் மலைநாட்டில், கண்டியிலிருந்து நுவரெலியா போகிற பஸ் கம்பளையைத் தாண்டும்போது பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். மீதிப் பேர் அம்புலுவாவை மலைக் கோபுரம் தெரிகிறதா என்று கண்ணாடி வழியே தேடுவார்கள். கம்பளையை வழியில் வருகிற ஊராக மட்டும் நினைப்பதுதான் முதல் தவறு. 14ஆம் நூற்றாண்டில் இது ஒரு இராச்சியத்தின் தலைநகரம். மகாவலி கங்கைக்கரை ஊர் என்பதால் அன்றைக்கு இதன் பெயரே கங்காசிறிபுர. இன்றைக்கும் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் மூவரும் ஒரே கடைத்தெருவில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நடக்கிறார்கள். ஒரு முழு நாளாவது ஒதுக்குங்கள்.

சரி, தலைநகரம் என்றதும் அரண்மனையைத் தேடி டவுனுக்குள் அலையாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் காலத்தைப் பார்க்க வேண்டுமானால் தவுலகலைப் பக்கம் போக வேண்டும். அந்தப் பக்கத்திலிருக்கிற கடலாதெனிய, லங்காதிலக இரண்டுமே 1344இல் எழுந்த விகாரைகள். கடலாதெனியவைக் கட்டிய சிற்பி கணேசுவராச்சாரி தென்னிந்தியர். லங்காதிலகவின் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. நம் ஆட்கள் பலர் புத்தர் சிலையைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அதே கட்டடத்தைச் சுற்றிப் பிள்ளையாருக்கும் குமாரருக்கும் விபீஷணருக்கும் சந்நிதி உண்டு, அதைப் பார்க்காமல் வராதீர்கள். எம்பெக்க தேவாலயம் கதிர்காமக் கந்தனுக்கு உரியது. அங்கே மரத்தூண்களில் மல்லர்களும் அன்னங்களும் செதுக்கியிருப்பதை எல்லோரும் படம் எடுப்பார்கள், கூரையை யாரும் பார்ப்பதில்லை. அண்ணாந்து பாருங்கள்: 26 கைமரங்களை ஒரே ஒரு மர ஆணி பிடித்துக்கொண்டு நிற்கிறது. அப்புறம், எந்த விகாரையிலும் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்பி எடுக்காதீர்கள். இங்கே அது மரியாதைக் குறைவு, பொலிஸ் வரைக்கும் போன கதைகள் உண்டு. நண்பகலில் வெறுங்காலோடு கல்முற்றத்தில் நடப்பது தீ மிதிக்கிற மாதிரி, அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

அம்புலுவாவைக்கும் காலையில்தான் போக வேண்டும். மலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,567 அடி, உச்சியில் நிற்கிற கோபுரம் 48 மீற்றர். மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கிவிட்டால் எதிரில் நிற்கிறவர் முகம்கூடத் தெரியாது. படிக்கட்டு கோபுரத்தின் வெளிப்பக்கமாகச் சுற்றி ஏறுகிறது. மேலே போகப் போக அது ஒடுங்கி, இறங்கி வருகிறவருக்கு வழிவிட நீங்கள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். காற்று வேறு. கைப்பிள்ளையோடு, பாட்டா செருப்போடு, உயரத்துக்குப் பயந்தவரையும் இழுத்துக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கே வயிற்றைக் கலக்கும். பாதியில் திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாலு மதத்து வழிபாட்டிடங்களும் அந்த மலையிலேயே இருக்கின்றன, அங்கே உட்கார்ந்து காற்று வாங்கலாம்.

முறை சொல்லிக் கூப்பிடுவதில் ஆகிற குழப்பம் தனிக்கதை. தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவரோடு ஒரு முஸ்லிம் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பையன் "தாத்தா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். நண்பர் கிழவர் யாராவது வருவார் என்று பார்த்தார். உள்ளேயிருந்து வந்தது இருபது வயதுப் பிள்ளை ஒன்று. இங்கே முஸ்லிம்களுக்குத் தாத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. ஒரே தெருவில் ஒரே சொல்லுக்கு மூன்று உறவு! சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன், மல்லி என்றால் தம்பி. அதனால் பஸ்ஸில் யாராவது உங்களை மல்லி என்று கூப்பிட்டால் கோபப்படாதீர்கள், பாசமாகத்தான் கூப்பிடுகிறார். கடைக்காரரை நானா என்று கூப்பிட்டுப் பாருங்கள், பேச்சே மாறிவிடும்.

தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போகிறவர்கள் செய்கிற தவறுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. கொழுந்து எடுக்கிற பெண்களை நிறுத்தி, "அக்கா, கூடையோடு இப்படித் திரும்புங்க" என்று படம் எடுப்பது. அன்றைய கொழுந்து நிறை வந்தால்தான் அவர்களுக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். நீங்கள் எடுத்துக்கொள்கிற கால்மணி நேரம் அவர்கள் கூடையிலிருந்து போகிறது. பேச ஆசையென்றால் நிறுவை முடிந்து வரும்போது பேசுங்கள், அதுவும் கேட்டுவிட்டு. "நீங்க இந்தியாக்காரங்கதானே?" என்ற கேள்வியை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். 1948இல் குடியுரிமை பறிபோய், அதைத் திரும்பப் பெற அரை நூற்றாண்டுக்கு மேல் போராடிய சனத்திடம் கேட்கிற கேள்வியா அது? மலையகத் தமிழர் என்று சொல்லுங்கள். இவர்கள் தேயிலைக்காக வந்தவர்கள் என்று நினைப்பதும் பிழை. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கம்பளைப் பக்கத்துச் சிங்கபிட்டியில் போட்டது கோப்பித் தோட்டம். மன்னாரில் இறங்கிக் காடு வழியே நடந்து வந்தவர்கள் முதலில் கோப்பிக்காகத்தான் வந்தார்கள். தேயிலை பிறகு வந்தது. அந்த வருகையின் 200 ஆண்டைத்தான் 2023இல் மலையகம் முழுக்க நினைவுகூர்ந்தார்கள்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் பல பூட்டியிருக்கும், சாப்பாட்டை முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வருகிறவர்கள் பேராதனைச் சந்தியைக் கவனிக்க வேண்டும். பதுளைப் பாதை அங்கே பிரிகிறது, எல்லா ரயிலும் கண்டி டவுனுக்குள் போய் வருவதில்லை. கண்டியில் நின்று காத்திருந்து ரயிலைத் தவறவிட்டவர்களில் அடியேனும் ஒருவன்.

கடைசியாகக் கங்கை. மகாவலி டவுனோடு ஒட்டி அமைதியாகத்தான் ஓடும். வெயில் அடிக்கிறதே என்று இறங்கிவிடுவார்கள். கம்பளையில் வெயில் அடிப்பதற்கும் ஆற்று மட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. மழை நாவலப்பிட்டிப் பக்கம் பெய்திருக்கலாம், கொத்மலை அணையில் வான்கதவு திறந்திருக்கலாம். தண்ணீர் நிறம் மாறிக் கலங்க ஆரம்பித்தால் நேரம் அதிகம் இருக்காது. கரையில் துணி துவைக்கிறவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினால், ஏன் எதற்கு என்று கேட்காமல் நீங்களும் ஏறிவிடுங்கள்.