வீடியோ தரத்துக்கு வாடிக்கையாளர் காசு கொடுப்பாரா? புதிய ஆபரேட்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் புதிதாக ஃபைபர் இன்டர்நெட் லைன் எடுத்து நடத்தும் தம்பிகளைப் பார்க்கிறேன். கேபிள் காலத்தில் நாங்கள் வாங்கிய அதே அடியை இவர்களும் வாங்குகிறார்கள். வசூல், கம்பம், ஒயர் பற்றியெல்லாம் சொல்லத் தேவையில்லை. நல்ல படத்துக்கு வாடிக்கையாளர் எவ்வளவு கொடுப்பார் என்பதில்தான் கணக்கு தப்புகிறது.

வாய்வார்த்தையை நம்பி பேண்ட்விட்த் வாங்குவது

“படம் இன்னும் நல்லா வந்தா மாசம் இருநூறு சேர்த்துக் கொடுப்பீங்களா?” என்று வாசலில் நின்று கேட்டால், முகத்துக்கு நேரே யார் மாட்டேன் என்பார்கள்? சத்துவாச்சாரியில் ஒரு தம்பி தெருத்தெருவாக இப்படிக் கேட்டார். பெரும்பாலோர் சரி என்றார்கள். அதை நம்பி, கூடுதல் பேண்ட்விட்த்துக்கு, அதாவது நாம் மொத்தமாக வாங்கி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டர்நெட் கொள்ளளவுக்கு, ஒரு வருட ஒப்பந்தம் போட்டுவிட்டார். புது பிளான் வந்தபோது ஏறத்தாழ எல்லோரும் பழைய 50 எம்பிபிஎஸ் வேகத்திலேயே இருந்துவிட்டார்கள். வருடம் முழுக்க கைக்காசு போட்டுக் கட்டினார்.

நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அந்த மக்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், அதைவிடத் தெளிவான 4கேவுக்கு 15 போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. 50 எம்பிபிஎஸ் இருக்கிற வீட்டில் 200 எம்பிபிஎஸ் கொடுத்தால் 32 இஞ்ச் டிவியில் என்ன மாறும்? லைன் மந்தமானால் ஆப் தானாகவே தரத்தைக் குறைத்துப் படத்தை ஓட்டிவிடும். அதைப் பலர் கவனிப்பதுகூட இல்லை. படம் நின்று வட்டம் சுற்றினால்தான் நமக்கு போன் வரும். அது சுற்றாமல் இருக்கத்தான் காசு தருவார்கள்.

அதனால் கேட்காதீர்கள், கொடுத்துப் பாருங்கள். சில வீடுகளில் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு மாதம் வேகத்தை ஏற்றுங்கள், அப்புறம் இறக்குங்கள். “திரும்பப் போடுங்க, காசு தர்றேன்” என்று யார் கூப்பிடுகிறார்களோ, அவர்களை எண்ணி பேண்ட்விட்த் வாங்குங்கள்.

வைஃபை கோளாறுக்கு வேகத்தை விற்பது

ரூட்டர் வாசல் பக்கம், டிவி இரண்டு சுவர் தாண்டி. வைஃபை அங்கே சரியாக எட்டாது, வேகத்தை ஏற்றியும் பயனில்லை. டிவிக்கு ஒரு லேன் ஒயர் இழுத்துக் கொடுங்கள், போதும்.

பிரீமியம் என்றாலே 4கே ஆசை என்று நினைப்பது

2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் விலையைக் குறைத்தபோது ஃபுல் எச்டி (1080பி) பிளான் 499, 4கே உள்ள பிரீமியம் பிளான் 649 ரூபாய். ஆனால் 649-ல் ஒரே நேரத்தில் நான்கு திரையில் பார்க்கலாம். ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து வாங்குவது பெரும்பாலும் அதற்காகத்தான்.

ஐபிஎல் நேரத்தில் லைன் வேலை

கூடவே கூடாது.

லாட்ஜுக்கு வீட்டு பிளான்

வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் தங்குபவர்கள் பெரும்பாலும் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்கள். பார்ப்பது போனில், 480பி என்ற சாதாரணத் தரமே தாராளம். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு எல்லா அறையிலும் ஒன்றாகப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மாடியிலும் வைஃபை பரப்பும் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வைத்து, ஓர் அறைக்கு இவ்வளவு வேகம் என்று பிரித்துவிட்டால், லாட்ஜ்காரர் பேரம் பேசாமல் கூடுதல் காசு கொடுக்கிறார்.