கிராஃபீன் தாளின் மின்தடையும் விறைப்பும்: அளக்கும் முறை

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்) மேல் வைத்துப் பார்ப்பார்கள். அது காட்டும் எண்ணில் தொடுமுனைகளின் தடையும் கலந்திருக்கும். சில சமயம் அது தாளின் தடையையே மிஞ்சிவிடும். மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தத்துக்கு இரண்டு என நான்கு முனை வைக்காமல் எடுத்த எண்ணை நான் நம்புவதில்லை.

செம்புத் தகட்டில் வளர்த்து, ஆக்சைடு பூசிய சிலிக்கானுக்கு மாற்றிய ஒற்றை அடுக்குத் தாளை எடுத்துக்கொள்வோம். முதலில் ராமன் நிறமாலை, அதாவது தாளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியின் அலையெண் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் வரைபடம். 2700 அலையெண் அருகே வரும் 2டி உச்சி ஒடுங்கியும், 1580-இல் வரும் ஜி உச்சியைப் போல இருமடங்கு உயரமாகவும் இருந்தால் ஒற்றை அடுக்கு என்று கொள்ளலாம். 1350 பக்கம் ஏதாவது எழும்பினால் தாளில் குறை இருக்கிறது.

சரி, தாளைச் சதுரமாக்கி, நான்கு மூலைகளிலும் சில்வர் பேஸ்ட் பொட்டு வையுங்கள். பொட்டு சின்னதாக, விளிம்பை ஒட்டியே இருக்கட்டும். தாளின் நடுவில் ஓட்டை இருந்தால் இந்த வான் டெர் பாவ் முறை செல்லாது. ஒரு பக்கத்து இரு மூலைகளில் 10 மைக்ரோ ஆம்பியர் செலுத்தி, எதிர்ப்பக்கத்து இரு மூலைகளில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். மின்னோட்டத்தின் திசையைத் திருப்பி இன்னொரு முறை அளந்து சராசரி எடுத்தால், வெப்பத்தால் வரும் பொய் மின்னழுத்தம் கழிந்துவிடும். அப்புறம் மின்னோட்ட முனைகளையும் மின்னழுத்த முனைகளையும் இடம் மாற்றுங்கள். அதே தடை வர வேண்டும். வரவில்லையென்றால் ஏதோ ஒரு பொட்டு சரியாக ஒட்டவில்லை.

மற்ற பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள். இரண்டு தடைகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் 4.53-ஆல் பெருக்கினால் போதும். 1.1 மில்லிவோல்ட் வந்தால் 110 ஓம். அதைப் பெருக்கினால் பரப்புத் தடை (தாளின் எந்த அளவுச் சதுரத்துக்கும் ஒன்றாகவே வரும் தடை) சதுரத்துக்குச் சுமார் 500 ஓம். வித்தியாசம் பெரிதென்றால் 1958-இல் வெளியான வான் டெர் பாவின் முழுச் சமன்பாட்டைக் கணினியில் தீர்க்க வேண்டும். காற்றின் ஈரமும் தாளில் ஒட்டியிருக்கும் பாலிமர் எச்சமும் எண்ணை மாற்றும் என்பதால், அளந்த சூழலையும் குறித்துவையுங்கள்.

விறைப்பை அளக்கத் தாள் அந்தரத்தில் இருக்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2008-இல் 1, 1.5 மைக்ரோமீட்டர் அகலத் துளைகளின் மேல் கிராஃபீனை விரித்து, அணுவிசை நுண்ணோக்கியின் வைர முனையால் அழுத்தியது. நாமும் அப்படித்தான். முதலில் கேன்டிலீவரின் (முனையைத் தாங்கும், வளையக்கூடிய மெல்லிய கையின்) சுருள் மாறிலியை, அதாவது அதை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் கண்டுபிடியுங்கள். வெறும் சிலிக்கானில் அழுத்தி அதன் வளைவையும் அளவுதிருத்தம் செய்யுங்கள். துளையின் நடுமையத்தில் அழுத்தும்போது, பீசோ (மின்னழுத்தம் கொடுத்தால் நுண்ணிய தூரம் நகர்த்தும் கருவி) நகர்ந்த தூரத்திலிருந்து கேன்டிலீவரின் வளைவைக் கழித்தால் தாள் அமுங்கிய ஆழம் கிடைக்கும். அழுத்தும் வளைகோடும் விடுவிக்கும் வளைகோடும் ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால் தாள் துளை விளிம்பில் வழுக்குகிறது. அந்தத் தரவைத் தூக்கிப் போடுங்கள்.

விசை முதலில் ஆழத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். அது தாளில் ஏற்கெனவே இருக்கும் இழுவிசை. பிறகு ஆழத்தின் மும்மடியாக ஏறும். அந்த மும்மடிக் குணகத்தைத் துளை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், சில சதவீதத் திருத்தம் போக, விறைப்பு வந்துவிடும். நல்ல தாளில் மீட்டருக்கு 340 நியூட்டன் வரும். 0.335 நானோமீட்டர் தடிமனால் வகுத்து 1 டெராபாஸ்கல் என்று சொல்வது வழக்கம். ஓர் அணு அடுக்குக்குத் தடிமன் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, நியூட்டன் கணக்கிலேயே எழுதுவேன்.

உடைக்கும் சோதனையைக் கடைசியில் வையுங்கள். அதற்கு முனையின் ஆரமும் தெரிய வேண்டும். உடைப்பதற்கு முன்னும் பின்னும் முனையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.