எஸ்எஸ்ஹெச் வழியாகப் பல்கலைக்கழக லினக்ஸ் கணினிக்குள் நுழைவது எப்படி?

ஆய்வகத்து லினக்ஸ் கணினியில் வேலை பார்க்க நேரில் போய் உட்கார வேண்டியதில்லை. தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்ஹெச் (ssh) என்ற நிரல் போதும். உங்கள் கணினி லினக்ஸ், மேக் என்றால், கட்டளைகளை டைப் செய்யும் டெர்மினலைத் திறங்கள். விண்டோஸ் 10, 11 என்றால் அதே வேலைக்குப் பவர்ஷெல். பெரும்பாலும் தனியாக எதையும் நிறுவத் தேவையிருக்காது.

முதலில் யூசர்நேம், பாஸ்வேர்ட், கணினியின் முழு முகவரி மூன்றையும் கணினிப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். வளாகத்துக்கு வெளியிலிருந்து வர, பல்கலைக்கழக வலையமைப்போடு இணைக்கும் விபிஎன் வேண்டுமா என்றும் கேளுங்கள். வேண்டுமென்றால் அதை இயக்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சரி, இப்போது எஸ்எஸ்ஹெச் என்ற மூன்றெழுத்தை ஆங்கிலச் சிறிய எழுத்தில் டைப் செய்து ஓர் இடைவெளி விடுங்கள். பிறகு யூசர்நேம், @ குறி, முகவரி மூன்றையும் ஒட்டினாற்போல் அடித்து என்டரைத் தட்டுங்கள்.

முதல் தடவை, இந்தக் கணினி தனக்குப் பழக்கமில்லை, தொடரலாமா என்று எஸ்எஸ்ஹெச் கேட்டு, அந்தக் கணினியின் அடையாளமான நீண்ட எழுத்துவரிசையை, அதாவது ஃபிங்கர்பிரிண்டைக் காட்டும். பலரும் படிக்காமலேயே யெஸ் போட்டுவிடுவார்கள். போடாதீர்கள். நடுவில் யாராவது புகுந்து பல்கலைக்கழகக் கணினிபோல நடித்தால் பிடிபடுகிற இடம் இதுதான். எஸ்எஸ்ஹெச் பிறந்ததே ஒரு திருட்டால்தான்: 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் பாஸ்வேர்டுகள் களவு போன பிறகே அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனன் இதை எழுதினார். கணினிப் பிரிவில் சரியான ஃபிங்கர்பிரிண்டைக் கேட்டு வாங்கி, அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் யெஸ் என்று முழுதாக அடியுங்கள். ஒய் மட்டும் செல்லாது. புதிய பதிப்புகளில், அவர்கள் தந்ததை அப்படியே அங்கே ஒட்டினால் எஸ்எஸ்ஹெச்சே ஒப்பிட்டுக்கொள்ளும். பின்னொரு நாள் ஃபிங்கர்பிரிண்ட் மாறிவிட்டது என்று அலறினால், விசாரிக்காமல் உள்ளே போகாதீர்கள்.

அப்புறம் பாஸ்வேர்ட். அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட வராது. கீபோர்டில் கோளாறு இல்லை. அடித்து முடித்து என்டர் தட்டுங்கள்.

உள்ளே போக முடியவில்லையா? 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால் கணினி வரை போய்விட்டீர்கள். பெயரையோ பாஸ்வேர்டையோ சரிபாருங்கள். 'டைம்டு அவுட்' என்றால் பெரும்பாலும் கணினியையே எட்டவில்லை. விபிஎன்னையும் முகவரியையும் பாருங்கள், பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை.

வேலை முடிந்ததும் எக்ஸிட் என்று அடித்தால் வெளியே வந்துவிடலாம். மணிக்கணக்கில் ஓடும் நிரலென்றால் அதை அந்தக் கணினியில் டீமக்ஸ் (tmux) என்ற மென்பொருளுக்குள் இயக்குங்கள். இணையம் அறுந்தாலும் அது அங்கே ஓடிக்கொண்டிருக்கும். மறுபடி நுழைந்து டீமக்ஸ் அட்டாச் (tmux attach) என்று கொடுத்தால் விட்ட இடத்துக்கே வரலாம்.