இளம் அணியிடம் எதைக் கேட்பது, நிர்வாகத்திடம் எதைக் கேட்பது: டபிள்யூஎன்பிஏ ரசிகர்களுக்கு

டபிள்யூஎன்பிஏ, அதாவது அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை கூடைப்பந்து லீக். அதில் உங்கள் அணி போன சீசனில் முப்பது ஆட்டத்துக்கு மேல் தோற்றிருக்கும். அதன் பலனாக டிராஃப்ட்டில் (அணிகள் புதிய வீராங்கனைகளை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் நான்கு இடங்களுக்குள் ஒரு நல்ல வீராங்கனை வந்திருப்பார், கூடவே இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் இன்னும் இரண்டு மூன்று பேர். ஏப்ரலில் எல்லோரும் பிளேஆஃப் (சீசன் முடிவில் சாம்பியனை முடிவு செய்யும் சுற்றுகள்) கணக்குப் போடுகிறார்கள். ஜூன் கடைசியில் பார்த்தால் அதே ஆட்கள் "இவர் தேறமாட்டார், வேறு அணிக்கு டிரேட் பண்ணுங்கள்" என்று எழுதுகிறார்கள். அந்த இரண்டு மாதத்தில் அந்தப் பெண்ணிடம் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. நான் சொல்ல வருவது இதுதான்: இளம் வீராங்கனைகளிடம் வளர்ச்சியைக் கேளுங்கள், வெற்றிக்கான கணக்கை நிர்வாகத்திடம் கேளுங்கள். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

முதல் வேலை, உங்கள் அணி நிஜமாகவே புதிதாகக் கட்டப்படுகிறதா அல்லது சும்மா தோற்றுக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது. வெளியே இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வருங்கால முதல் சுற்று டிராஃப்ட் இடங்கள் யார் கையில் இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள், பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். 2025 சீசனுக்கு முன் வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் அனுபவசாலியான ஏரியல் ஆட்கின்ஸைச் சிகாகோ ஸ்கை அணிக்குக் கொடுத்துவிட்டு, டிராஃப்ட்டின் 3-ஆம் இடத்தை வாங்கியது. அந்த இடத்தில் சோனியா சிட்ரனையும், அடுத்த இடத்தில் கிக்கி இரியாஃபெனையும் எடுத்தார்கள். இருவருமே அந்த ஆண்டே ஆல் ஸ்டார் (லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் சிறப்பு ஆட்டம்) அணிக்குத் தேர்வானார்கள். சீசன் முடிந்தபோது மிஸ்டிக்ஸ் 16 வெற்றி, 28 தோல்வி. ஸ்கை 10 வெற்றி, 34 தோல்வி. இரண்டு அணியுமே பிளேஆஃப்புக்குப் போகவில்லை, ஆனால் ஒரு அணியின் ரசிகர் பொறுமையாக இருக்கக் காரணம் இருந்தது, இன்னொரு அணியின் ரசிகருக்குக் கேள்வி கேட்கக் காரணம் இருந்தது.

அடுத்தது காலண்டர். இதைப் புரிந்துகொண்டால் மே, ஜூன் மாதக் கோபம் பாதி குறைந்துவிடும். பெய்ஜ் பெக்கர்ஸ் 2025 ஏப்ரல் 6 அன்று கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்காகக் கல்லூரி இறுதிப்போட்டியில் ஆடி ஜெயித்தார். ஏப்ரல் 14 அன்று டல்லஸ் விங்ஸ் அவரை முதல் ஆளாக டிராஃப்ட்டில் எடுத்தது. மே 16 அன்று முதல் தொழில்முறை ஆட்டம். நடுவில் இருந்தது ஒரு மாதம், அதற்குள் ஊர் மாற வேண்டும், புதிய கோச், புதிய ஆட்டமுறை, முகம் தெரியாத பத்துப் பதினோரு பேர். அதற்கப்புறம் செப்டம்பர் 11 வரை நான்கே மாதத்தில் 44 ஆட்டம். நடுவே உட்கார்ந்து பயிற்சி செய்ய நாளே கிடைக்காது, கற்றுக்கொள்வதெல்லாம் ஆட்டத்திலேயே, நம் கண் முன்னாலேயே நடக்கிறது. அதனால் முதல் பத்து ஆட்டத்தை வைத்து எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள். 2024-ல் இந்தியானா ஃபீவர் முதல் ஒன்பது ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தது. அந்த அணியின் புதுமுகம் கேட்லின் கிளார்க் பற்றி அப்போது எழுதியதையெல்லாம் பலர் இன்றைக்குத் திரும்பப் படிக்க விரும்பமாட்டார்கள், ஏனென்றால் அதே அணி 20-20 (வெற்றி-தோல்வி) என்று முடித்து பிளேஆஃப்புக்குப் போனது.

வயதையும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க வீராங்கனைகள் பெரும்பாலும் நான்கு வருடம் கல்லூரியில் ஆடிவிட்டு 22 வயதில்தான் வருகிறார்கள், ஆண்கள் லீக் மாதிரி 19 வயதில் அல்ல. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இன்னும் சின்ன வயதிலேயே வரலாம். சியாட்டில் ஸ்டார்ம் 2025-ல் 2-ஆம் இடத்தில் எடுத்த டொமினிக் மலோங்காவுக்கு அன்று வயது 19. இவரிடமும் 22 வயதில் வரும் கல்லூரி ஆட்டக்காரரிடமும் முதல் வருடத்தில் ஒரே விஷயத்தை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. பொதுவாக, விங் இடத்தில் (களத்தின் பக்கவாட்டில்) ஓடி ஷூட் செய்யும் ஆள் சீக்கிரம் பலன் தருவார். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டுக்கு நேரம் எடுக்கும், அவர் தன் ஆட்டத்தோடு மற்ற நால்வரின் ஆட்டத்தையும் கற்க வேண்டும். கூடைக்கு அருகில் ஆடும் உயரமான சென்டர்களுக்கு முதல் சிக்கல் ஃபவுல். கல்லூரியில் யாரை வேண்டுமானாலும் தோளால் தள்ளிவிட்டுப் பந்தை எடுத்தவர், இங்கே முப்பது வயது சென்டரிடம் மாட்டி முதல் கால் பகுதியிலேயே இரண்டு ஃபவுலோடு பெஞ்சுக்கு வந்துவிடுவார். அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, எந்த வருடம் எதைக் கேட்கலாம்? முதல் வருடம் கேட்க வேண்டியது நிமிடங்கள். கோச் அவரை ஆடவிடுகிறாரா, தப்பு செய்த பிறகும் திரும்பக் களத்தில் இறக்குகிறாரா? இரண்டாவது வருடம், முதல் வருடம் பந்தை இழந்த அதே இடங்களில் திரும்பவும் இழக்கிறாரா என்று பாருங்கள். புள்ளிகள் கூடவில்லை என்றாலும் டர்ன்ஓவரும் (பந்தை எதிரணியிடம் இழப்பது) ஃபவுலும் குறைந்திருந்தால் அந்த வருடம் நல்ல வருடம். மூன்றாவது வருடத்திலிருந்து ஷூட்டிங் சதவீதம், தடுப்பாட்டம், கடைசி ஐந்து நிமிடத்தில் எடுக்கும் முடிவு எல்லாவற்றையும் கறாராகக் கேட்கலாம். அதிலும் எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. ஜாக்கி யங் 2019 டிராஃப்ட்டின் முதல் ஆள், அந்த வருடம் அவர் சராசரி 6.6 புள்ளி. முதல் மூன்று வருடம் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து அவர் எறிவதே அபூர்வம். 2022-ல் அங்கிருந்து 43 சதவீதம் போட்டார், மிகவும் முன்னேறிய வீராங்கனை விருதை வாங்கினார், லாஸ் வேகஸ் ஏசஸ் சாம்பியன் ஆனது. அதே அணியின் கெல்சி பிளம் 2017-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்டு 8.5 புள்ளி சராசரியோடு முதல் வருடத்தை முடித்தவர். 2020 முழுவதும் அக்கிலிஸ் (குதிகால் தசைநார்) காயத்தில் போனது. 2022-ல் சராசரி 20.2.

இப்போது பெக்கர்ஸுக்குத் திரும்புவோம். 2025 ஆகஸ்ட்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸுக்கு எதிராக அவர் 44 புள்ளி எடுத்தார், டல்லஸ் 81-80 என்று ஒரே புள்ளியில் தோற்றது. கடைசி நொடியில் வெற்றிப் பந்தைப் போட்டது அதே கெல்சி பிளம், அப்போது ஸ்பார்க்ஸ் அணியில். விங்ஸ் அந்த சீசனை 10-34 என்று முடித்தது, பெக்கர்ஸ் ஆண்டின் சிறந்த ரூக்கி (முதல் வருட வீராங்கனை). வெற்றி எண்ணிக்கையை வைத்து ஒரு இளம் ஆட்டக்காரரை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தோற்ற ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்கோரை விட்டுவிடுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு வீராங்கனையையும் ஒரு விஷயத்தையும் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, பாயின்ட் கார்டை இரண்டு பேர் சேர்ந்து மடக்கும்போது அவர் என்ன செய்கிறார்? பின்னால் ஒரு அடி எடுத்து இடம் உண்டாக்கிக்கொண்டு நடுவில் நிற்பவருக்குப் பாஸ் கொடுக்கிறாரா, இல்லை பதறிப்போய்த் தலைக்கு மேலே தூக்கி எறிகிறாரா? மே மாதத்தில் பத்துக்கு ஏழு தடவை பதறியவர் ஆகஸ்ட்டில் பத்துக்கு மூன்று தடவை பதறினால் அது பெரிய வளர்ச்சி, புள்ளிப் பட்டியலில் எங்கும் தெரியாது. அடுத்த ஆட்டத்தில் சென்டரைப் பாருங்கள், பிக் அண்ட் ரோல் (ஒருவர் தடுப்பவரை மறித்து நின்றுவிட்டுக் கூடையை நோக்கி ஓடும் உத்தி) வரும்போது எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று யாராவது கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறதா, அல்லது அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறாரா. வாய் திறந்து பேசும் இளம் சென்டர் கிடைத்தால் அந்த அணிக்கு யோகம். மாதம் ஒருமுறை மட்டும் அணிக் கணக்கைப் பாருங்கள், அதுவும் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் தோற்கிறோம் என்பதை. பதினெட்டில் தோற்றுக்கொண்டிருந்த அணி ஆறில் தோற்க ஆரம்பித்தால் அடுத்த வருடம் வெற்றி வரும் என்று தைரியமாக நம்பலாம். நான்காவது கால் பகுதியில் கோச் யாரைக் களத்தில் வைக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அது பின்னால் உதவும்.

எத்தனை வருடம் காத்திருப்பது என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. சியாட்டில் 2015-ல் ஜுவல் லாய்டையும் 2016-ல் பிரியானா ஸ்டூவர்ட்டையும் டிராஃப்ட்டின் முதல் ஆளாக எடுத்தது. 10-24, அப்புறம் 16-18, அப்புறம் 15-19. மூன்றாவது வருடம் ஒரு வெற்றி குறைந்தே போனது, கோச்சும் நடு சீசனில் மாற்றப்பட்டார். 2018-ல் 26-8, சாம்பியன். நியூயார்க் லிபர்ட்டி 2020 சீசனை ஏழு ரூக்கிகளோடு தொடங்கியது. சப்ரீனா அயோனெஸ்கு மூன்றாவது ஆட்டத்திலேயே கணுக்காலில் அடிபட்டு வெளியேற, 2-20 என்று முடிந்தது. நான்கு வருடம் கழித்து 2024-ல் கோப்பை வந்தது. ஆனால் கவனியுங்கள், நியூயார்க்கில் இடையே ஸ்டூவர்ட்டும் ஜான்குவெல் ஜோன்ஸும் வந்து சேர்ந்தார்கள், சியாட்டிலில் அனுபவசாலி சூ பேர்ட் கூடவே இருந்தார். இளம் பெண்கள் மட்டும் தனியாக வளர்ந்து கோப்பை வாங்கிய கதை இதில் இல்லை.

காயம் வந்தால் அந்த வீராங்கனையின் கணக்கிலிருந்து ஒரு வருடத்தை அப்படியே கழித்துவிடுங்கள். 2024-ல் கேமரன் பிரிங்குக்கு 15 ஆட்டத்தோடு முழங்கால் தசைநார் கிழிந்தது, மிஸ்டிக்ஸ் எடுத்த ஜார்ஜியா அமூருக்கு 2025 சீசன் தொடங்கும் முன்பே. திரும்பி வரும் முதல் ஆறு மாதமும் ரூக்கி மாதம்தான்.

பிடித்த பெண்ணை அணி விட்டுக்கொடுக்கும் நாளும் வரும். 2025 சீசனில் ஒரு அணிக்கு அதிகபட்சம் 12 இடம், அதில் இரண்டாம் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்ட பலர் பயிற்சி முகாமைத் தாண்டுவதே இல்லை. முதல் சுற்றுக்காரர்களுக்கும் உத்தரவாதம் கிடையாது. ஃபீவர் 2022-ல் முதல் சுற்றில் மட்டும் நான்கு பேரை எடுத்தது: நலிஸா ஸ்மித், எமிலி எங்ஸ்ட்லர், லெக்ஸி ஹல், குவீன் எக்போ. 2025-ல் அங்கே மிச்சம் இருந்தது ஹல் மட்டும். ஸ்மித் டல்லஸ் வழியாக ஏசஸுக்குப் போய் அதே வருடம் சாம்பியன் ஆனார். அதனால் நான்கு இளம் பேரில் இருவர் நிலைத்தால் அது நல்ல அறுவடை என்று முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போனவர்களை அவர்களுடைய புதிய அணியிலும் பார்த்து மகிழுங்கள்.

எப்போது கோபப்படலாம்? கோபப்பட வேண்டிய நேரம் உண்டு, அதை அடக்கத் தேவையில்லை. எதிர்கால டிராஃப்ட் இடங்களை விற்றுவிட்டு ஒரு வருட ஒப்பந்தத்தில் ஆள் பிடிக்கும்போது கோபப்படுங்கள். நாம் ஏற்கெனவே பின்தங்கிவிட்ட ஆட்டங்களில்கூட நான்காவது கால் பகுதியில் இளம் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் கோபப்படுங்கள், குறித்து வைத்தது இப்போது உதவும். ஒரே நேரத்தில் நிறைய ரூக்கிகளை எடுத்து யாருக்கும் நிமிடம் கொடுக்காமல் விடுவதும் நிர்வாகத்தின் தப்புதான். டல்லஸ் 2021 டிராஃப்ட்டில் முதல் ஐந்து இடங்களில் மூன்றைக் கையில் வைத்திருந்தது. முதல் ஆளாக எடுத்த சார்லி காலியரை 2023 சீசன் தொடங்கும் முன் விடுவித்துவிட்டார்கள். அந்தப் பெண் சரியில்லை என்று சொல்வது எளிது, அவருக்கு ஒழுங்கான இடம் இருந்ததா என்று கேட்பதுதான் ரசிகரின் வேலை. வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று தோன்றினாலும் கேளுங்கள். 2025 வரை டிராஃப்ட்டின் முதல் இடங்களை முடிவு செய்ய நடந்த லாட்டரிகளில் இரண்டு சீசன்களின் கூட்டு வெற்றி-தோல்விக் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டார்கள், ஒரு வருடத்தைத் தூக்கிப் போட்டதற்கு அவ்வளவு பெரிய பரிசு கிடைக்காது.

இந்தக் கேள்விகளை எல்லாம் வீராங்கனையின் சமூக ஊடகப் பக்கத்தில் போய் எழுதாதீர்கள். தோற்ற இரவில் 22 வயதுப் பெண்ணின் பெயரை டேக் செய்து ஷூட்டிங் சதவீதத்தைப் போடுவதால் எந்த அணியும் தேறியதில்லை. பொது மேலாளர் பெயரை எழுதுங்கள், கோச் பெயரை எழுதுங்கள், அவர்கள் சம்பளம் வாங்குவதே பதில் சொல்லத்தான்.

சீசன் முடிந்ததும் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள், இளம் ஆட்டக்காரர்கள் உண்மையில் மாறுவது குளிர்காலத்தில்தான். சிலர் வெளிநாட்டு கிளப்புகளுக்குப் போவார்கள், சிலர் 2025 ஜனவரியில் மயாமி பக்கம் தொடங்கிய அன்ரைவல்ட் என்ற மூன்றுக்கு மூன்று லீக்கில் ஆடுவார்கள். அங்கே இடம் நிறைய, ஆள் குறைவு, அதனால் பந்தைக் கையில் வைத்துத் தனியாக முடிவெடுக்கும் பழக்கம் சீக்கிரம் வரும். உங்கள் அணியின் இளம் ஆட்கள் எங்கே ஆடுகிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொருவரும் புதிதாகச் சேர்த்திருக்கும் ஒரே ஒரு விஷயத்தை எழுதி வையுங்கள்: இடது கை ஃபினிஷ், மூலையிலிருந்து த்ரீ (மூன்று புள்ளி எறிதல்), எதுவாக இருந்தாலும் சரி. மே மாதம் முதல் ஐந்து ஆட்டத்தில் அதை மட்டும் தேடுங்கள்.