ஜெர்மன் பேக்கலைட் கேமரா வாங்கும்போது

பினாங்கின் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய பேக்கலைட் கேமரா ஒன்று கண்ணில் பட்டால், அதன் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் ஓரங்களைப் பாருங்கள். பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் கொண்டு, பெரும்பாலும் மரத்தூள் சேர்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வார்க்கப்படும் பேக்கலைட், ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது, வளையவும் செய்யாது. கைதவறி விழுந்தால் விரிசல் விடும். நான் முதலில் வாங்கிய கேமராவின் தாழ்ப்பாளுக்கு அடியில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்ததைக் கடையில் கவனிக்கவில்லை. படங்களைக் கழுவிப் பிரதி எடுத்தபோது, பல படங்களின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. அன்றிலிருந்து சாவிக்கொத்தில் ஒரு சிறிய டார்ச் வைத்திருக்கிறேன். அதை எரியவிட்டு உள்ளே வைத்து மூடி, நிழலான இடத்தில் நின்று திருப்பிப் பார்த்தால், படத்தின் எண்ணைக் காட்டும் பின்புறச் சிவப்பு ஜன்னலைத் தவிர வேறெங்கும் வெளிச்சம் கசியக் கூடாது.

உண்மையான பேக்கலைட்தானா என்ற ஐயம் வந்தால், கட்டைவிரலால் ஓரிடத்தை வேகமாகத் தேய்த்து, சூடேறியதும் முகர்ந்து பாருங்கள். மருத்துவமனையில் வீசும் கார்பாலிக் நெடி வரும்.

புதிதாகச் சேகரிப்பவர் 120 என்ற அளவு ஃபிலிம் சுருளை ஏற்கும் கேமராவையே முதலில் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் அந்தச் சுருள் இன்றும் தயாராகிறது. டிரெஸ்டனுக்கு அருகிலுள்ள ஃப்ரைட்டாலில் 1951 முதல் உருவான பௌவா ஸ்டார்ட் என்ற கேமரா இதற்கு ஏற்றது. லென்ஸ் குழாயைத் திருகி வெளியே இழுத்து, 6×6 சென்டிமீட்டர் அளவில் பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். பிலோரா பாய் என்ற இன்னொரு கேமரா கைக்கடக்கமாக, பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் அதற்கு வேண்டிய 127 அளவு ஃபிலிம் கிடைப்பது அரிது.

நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை எளிதில் பிடித்துவிடும். வாங்கும் முன் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள்; தோல் உறையை அதனுடன் வைக்காதீர்கள், பூஞ்சை முதலில் தோலில்தான் வளரும். கேமராவின் உடலை மென்மையான உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். மெருகு ஏற்றுவதாக எண்ணி அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பின் பிசின் தோல் போய், உள்ளிருக்கும் மரத்தூள் வெளிப்பட்டு, நிறம் மங்கிவிடும். அதை மீட்க வழியில்லை.

படம் எடுக்கும்போது, சிவப்பு ஜன்னலின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டிவையுங்கள். சிவப்பு ஒளி, அதை உணராத அக்காலத்து ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமைப் பாதிக்கவில்லை, ஆனால் எல்லா நிறங்களையும் உணரும் இன்றைய பான்குரோமேட்டிக் ஃபிலிமைக் கெடுத்துவிடும். சுருளை நகர்த்தும்போது மட்டும் டேப்பை நிழலில் தூக்கி எண்ணைப் பார்த்துவிட்டு, உடனே மூடிவிடுங்கள்.